கட்டளைக்கு முன் ஒரு பெயர்ப்பலகை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





புலவர் பெருமக்கள் நின்று முழங்கிய மேடை இது. குறளின் நயமும் சிலம்பின் சுவையும் கம்பனின் கவித்திறமும் இங்கே ஆண்டுதோறும் எடுத்துரைக்கப்பட்டுள்ளன. அத்தகைய மேடையில், பத்தாம் வகுப்பு மட்டுமே தேறி இரயில்வேயில் எழுத்தர் பணி புரியும் யாம் நிற்பதே துணிவு. அதனினும் பெருந்துணிவு, கணிப்பொறியின் கருந்திரையிலே தோன்றும் ஒரு சின்னஞ்சிறு குறியைப் பற்றிப் பேச முன்வந்தது. 'இதற்கும் தமிழ்ச் சங்கத்திற்கும் என்ன தொடர்பு?' என்று தாங்கள் வினவுதல் இயல்பே. தொடர்பு உண்டு. அதை உரையின் நடுவே சொல்வோம். அது எமக்கு எளிதில் வாய் வரும் செய்தியன்று. ஆதலால் சற்றே பொறுத்தருள வேண்டுகின்றோம்.

பெயர்ப்பலகையின் பயன்

நம் பலமனேருக்கு இரயில் பாதை இல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இரயில்வே ஊழியராகிய யாம், நாள்தோறும் பேருந்தேறி மொகிலி மலைப்பாதை வழியே இறங்கிச் சென்று பணி புரிந்து மீள்கின்றோம். நிலையத்திலே யாம் காணும் பொருள்களில் மிக எளியது எது என்று கேட்டால், மஞ்சள் நிறத்தில் கரிய எழுத்துகளால் ஊர்ப்பெயரைத் தாங்கி நிற்கும் பலகையையே காட்டுவோம். அது வண்டியை இழுப்பதில்லை; பாதையை மாற்றுவதில்லை; சீட்டும் கொடுப்பதில்லை. ஆயினும் நள்ளிரவில் கண் விழித்த பயணி, சன்னலின் வழியே முதலில் தேடுவது அதனைத்தான். அதைப் பார்க்காமல் இறங்கியவர் படும் பாட்டை யாம் பலமுறை கண்டிருக்கின்றோம். காட்பாடி என எண்ணி வேறு ஊரில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு விடியும்வரை நடைமேடையில் அமர்ந்திருந்த குடும்பங்கள் உண்டு.

கணிப்பொறியிலும் அத்தகைய பெயர்ப்பலகை ஒன்று உளது. ஆங்கிலத்தில் அதனைப் 'பிராம்ப்ட்' என்பர். 'யான் ஆயத்தமாக இருக்கின்றேன். உமது கட்டளை யாது?' என்று கேட்டு நிற்கும் குறியாதலின், தூண்டுகுறி என்று யாம் சொல்லி வருகின்றோம்.

ஓடும் பருப்பும்

இன்று கணிப்பொறியையும் கைப்பேசியையும் படங்களைத் தொட்டே இயக்குகின்றோம். ஆயினும் அவற்றின் அடியில், எழுத்தால் கட்டளை இடும் பழைய முறை இன்றும் அழியாமல் நிற்கின்றது. பெரும் நிறுவனங்களின் கணிப்பொறிகளை ஆள்வோர் பலர் இன்றும் அம்முறையையே கையாள்கின்றனர். கட்டளையை வாங்கி, அதன் பொருளை உணர்ந்து, உள்ளேயுள்ள இயக்க அமைப்பினிடம் சேர்ப்பிக்கும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். 1960களின் நடுவில், மல்டிக்ஸ் என்னும் அமைப்பை உருவாக்கும் முயற்சியின்போது லூயி பூசான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இட்ட பெயர் அது. ஷெல் என்றால் ஓடு. உள்ளே இருப்பதற்குக் 'கெர்னல்' என்று பெயர். பருப்பு என்பது பொருள். நம் சித்தூர் மாவட்டத்து நிலக்கடலையை உடைத்து உண்டவர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை. பருப்பைத் தொட வேண்டுமானால் ஓட்டின் வழியே செல்ல வேண்டும்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் அமைப்பைத் தொடங்கினர். 1971இல் தாம்சன் இயற்றிய ஷெல் வந்தது. 1979இல் ஸ்டீபன் போர்ன் என்பார் இயற்றிய ஷெல் பரவியது. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் என்பார், யாவரும் கட்டின்றிப் பயன்படுத்தத் தக்கதாய்ப் 'பாஷ்' என்னும் ஷெல்லை ஆக்கி அளித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்ட பின்னர், பாஷ் அதனோடு உலகெங்கும் சென்றது. 1990இல் பிறந்த 'இசட்-ஷெல்' என்பதை, ஆப்பிள் நிறுவனம் 2019 முதல் தன் கணிப்பொறிகளில் இயல்பான ஷெல்லாக வைத்திருக்கின்றது. நம் சங்கத்தின் கணிப்பொறியில் இருப்பது லினக்ஸும் பாஷும் ஆதலின், இனி யாம் சொல்பவை பாஷுக்கு உரியவை என்று கொள்க.

இந்த ஷெல்லோடு பேசும் திரைக்கு 'டெர்மினல்' என்று பெயர்; தமிழில் முனையம் என்கின்றோம். தொடக்கத்தில் அது திரையாகவே இல்லை. தந்தியின் வழிவந்த தட்டச்சுக் கருவியே முனையமாக இருந்தது. அதன் விசைகள் அழுத்தக் கடினமானவை. தாளில் அச்சாகும் வேகமும் குறைவு. எனவே கட்டளைகள் மிகச் சுருங்கின. கோப்புகளைக் காட்டுக என்பதற்கு 'எல்.எஸ்.', நகல் எடு என்பதற்கு 'சி.பி.', இடம் மாற்று என்பதற்கு 'எம்.வி.', நீக்கு என்பதற்கு 'ஆர்.எம்.' என இரண்டே எழுத்துகள். இதைக் கண்டு எமக்கு வியப்பு எழவில்லை. சித்தூர் என்பதற்கு 'சி.டி.ஓ.' என்றும், காட்பாடி என்பதற்கு 'கே.பி.டி.' என்றும், சென்னை சென்ட்ரலுக்கு 'எம்.ஏ.எஸ்.' என்றும் எழுதிப் பழகிய கை எம்முடையது. தந்தி பிறப்பித்த சிக்கனம் இரண்டு இடங்களிலும் நிலைத்துவிட்டது.

சிக்கனத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. இரண்டு எழுத்தில் அடங்கும் கட்டளை, இரண்டு நொடியில் நிறைவேறிவிடும்.

எம் கையால் நேர்ந்தது

இனி, நடுவே சொல்வோம் என்ற செய்திக்கு வருகின்றோம்.

நம் சங்கத்தின் ஆண்டு விழா உரைகள் முன்பு ஒலிநாடாக்களில் பதிவாகிவந்தன. நாடாக்களில் பூஞ்சை படரத் தொடங்கியபோது, இளைஞர் சிலர் பல இரவுகள் விழித்திருந்து அவ்வுரைகளைக் கணிப்பொறிக்கு மாற்றினர். பழைய நாடாக்கள் பயனற்றவை எனக் கழிக்கப்பட்டன. கணிப்பொறியைப் பேணும் பொறுப்பைச் சங்கம் எம்மிடம் ஒப்படைத்தது.

சென்ற ஆண்டு விழாவில், 'கணிப்பொறி பழுதுற்றதால் 17 உரைகள் அழிந்துபோயின' என்று இம்மேடையிலிருந்து அறிவித்தோம். அது மெய்யன்று. கணிப்பொறி பழுதுறவில்லை. அவற்றை அழித்தது எம் கை.

நிகழ்ந்தது இதுதான். லினக்ஸை நிறுவியபோது அதன் தூண்டுகுறி, பயனர் பெயர், கணிப்பொறியின் பெயர், நிற்கும் அடைவின் பெயர் ஆகிய மூன்றையும் காட்டி நின்றது. அடைவு என்பது கோப்புகளை வைக்கும் அறை. அறைக்குள் அறையாகச் செல்லச் செல்ல அந்தப் பெயர் நீண்டுகொண்டே போயிற்று. கற்றுக்கொண்ட புதிதில் எமக்கு ஒரு செருக்கு. 'தேர்ந்தவர்க்கு இத்தனை எழுத்து எதற்கு?' என்று எண்ணி, தூண்டுகுறியைச் சுருக்கி, ஒரு டாலர் குறி மட்டும் நிற்குமாறு செய்துகொண்டோம். பார்க்க மிக அழகாகத்தான் இருந்தது.

ஒருநாள் மாலை, உரைகளை ஒரு நினைவகக் குச்சியில் நகல் எடுத்தோம். பாதியில் அது தடைப்பட்டது. குச்சியிலிருந்த அரைகுறை நகல்களை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்க எண்ணினோம். திரையிலே இரண்டு சாளரங்கள் திறந்திருந்தன. ஒன்று மூல அடைவில் நின்றது. மற்றொன்று குச்சியில் நின்றது. இரண்டிலும் ஒரே டாலர் குறி. 'ஆர்.எம்.' என்று அடித்து, அதன் பின் 'அனைத்தும்' என்று பொருள்படும் உடுக்குறியையும் இட்டு, விசையை அழுத்தினோம். அழுத்தியது மூலத்தின் சாளரத்தில்.

படங்களைத் தொட்டு இயக்கும் முறையில், நீக்கிய கோப்பு குப்பைத் தொட்டியில் கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம். ஷெல்லின் 'ஆர்.எம்.' கட்டளைக்குக் குப்பைத் தொட்டி இல்லை. 'உறுதியாகவா?' என்று அது கேட்பதும் இல்லை. யூனிக்ஸ் மரபில், இட்ட வேலை இனிதே முடிந்தால் ஷெல் ஒன்றும் பேசாது. அன்றும் பேசவில்லை. அடுத்த வரியில் மீண்டும் அதே டாலர் குறி, ஒன்றும் நிகழாதது போல் வந்து நின்றது.

அதன் பின் செய்தது அதனினும் பெரும்பிழை. நீக்கப்பட்ட கோப்பின் உள்ளடக்கம் பழைய சுழல்வட்டில் உடனே மறைவதில்லை. அந்த இடம் காலியானதாகக் குறிக்கப்படுகின்றது, அவ்வளவே. அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை மீட்க வழியுண்டு. எனவே அக்கணமே அவ்வட்டில் எழுதுவதை நிறுத்தி, கணிப்பொறியை விட்டு எழுந்திருக்க வேண்டும். யாமோ பதற்றத்தில், குச்சியில் இருந்தனவற்றையெல்லாம் அதே வட்டில் மீண்டும் கொட்டினோம். பின்னர் 'ஃபோட்டோரெக்' என்னும் மீட்பு நிரலைக் கொண்டு தேடியபோது, 5 உரைகள் பெயரிழந்து கிடைத்தன. அன்பர்கள் இல்லங்களிலிருந்த குறுந்தகடுகளிலிருந்து 6 உரைகள் கிடைத்தன. எஞ்சிய 6 உரைகள் கிடைக்கவேயில்லை.

அந்த ஆறனுள் ஒன்று, நம் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராய் இருந்து மறைந்த பெரியவருடையது. அவர் மறைந்த பின், அவருடைய துணைவியார் எம்மை அழைத்து, 'தம்பி, அவர் பேசினது உங்ககிட்டே இருக்குமே, ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்' என்று கேட்டார். 'பொறி கெட்டுப்போயிற்று, அம்மா' என்றோம். அந்த அம்மையார் எம்மையே தேற்றி அனுப்பினார். அவர் இப்போது இவ்வவையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். இந்த உரையைத் தொடங்குமுன் அவரிடம் சென்று உண்மையைக் கூறிவிட்டோம். அவர் சொன்னது எமக்கும் அவருக்கும் உரியது. சங்கத்தின் பெரியோர்களிடம் இப்போது மன்னிப்பு வேண்டுகின்றோம்.

பந்தைப் படித்தல்

இரயில்வேயில் ஒற்றைப் பாதைகள் பலவற்றில் பந்து டோக்கன் முறை நெடுங்காலம் வழங்கியது. இரு நிலையங்களிலும் மின்தொடர்பால் இணைக்கப்பட்ட கருவிகள் இருக்கும். இரு நிலைய அதிகாரிகளும் உடன்பட்டால்தான் ஓர் இரும்புப் பந்து வெளிவரும். ஒன்று வெளியில் இருக்கும்வரை மற்றொன்றை எடுக்க இயலாது. அப்பந்தைக் கையில் பெற்றவரே அப்பகுதியில் வண்டியைச் செலுத்த உரிமை பெற்றவர். பந்து கைக்கு வந்துவிட்டது என்பதற்காக ஓட்டுநர் உடனே புறப்பட்டுவிடுவதில்லை. அதன்மேல் பொறித்திருக்கும் பகுதியின் பெயரைப் படித்துப் பார்த்தல் அவர் கடமை. இன்றும் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் வழியில் வரும் கைகாட்டியின் நிலையை ஒருவர்க்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கின்றனர். நூறு முறை கண்ட பாதையாயினும் நூற்றொன்றாம் முறையும் சொல்கின்றனர்.

இந்த ஒழுங்கை நாள்தோறும் கண்டிருந்தும், கணிப்பொறியின் முன் அமர்ந்தபோது யாம் மறந்தோம். தூண்டுகுறி என்பது பந்தின்மேல் பொறித்த பெயர். அதனை அழகுக்காக அழித்துவிட்டுப் பின் வண்டியைச் செலுத்தினோம். யாம் இன்று சொல்ல வந்தது இவ்வளவே: தூண்டுகுறியை எப்படி வேண்டுமானாலும் அலங்கரித்துக்கொள்ளுங்கள், நிற்கும் இடத்தை மட்டும் அது மறைக்கலாகாது.

தூண்டுகுறியை அமைக்கும் முறை

இளைஞர்களின் பொருட்டு, அதனை அமைக்கும் வகையைச் சுருங்கச் சொல்வோம்.

தூண்டுகுறியின் வடிவத்தைப் 'பி.எஸ்.1' என்னும் மாறி தாங்கி நிற்கின்றது. எழுத்துகள் பெரிய எழுத்தாக இருத்தல் வேண்டும். அதனுள் பின்சாய்கோட்டை இட்டு ஓர் எழுத்தை எழுதினால், ஷெல் அதற்குரிய செய்தியை அவ்விடத்தில் நிரப்பும். சிறிய 'யு' பயனரின் பெயர். சிறிய 'எச்' கணிப்பொறியின் பெயர். சிறிய 'டபிள்யூ' நிற்கும் அடைவின் முழுவழி. அதுவே பெரிய எழுத்தானால் கடைசி அடைவின் பெயர் மட்டும். சிறிய 'டி' இருபத்து நான்கு மணிக் கணக்கில் நேரம். சிறிய 'என்' புதிய வரி. பின்சாய்கோட்டை அடுத்து டாலர் குறியை இட்டால், எளிய பயனர்க்கு டாலரும், முழு அதிகாரம் பெற்ற பயனர்க்கு 'ஹாஷ்' குறியும் தோன்றும். ஹாஷ் குறியைக் கண்டால் கையை மடியில் வைத்து ஒருகணம் எண்ணுக. அப்பயனரைத் தடுப்பார் அங்கே பெரும்பாலும் இல்லை.

வழி நீண்டுபோகின்றதே என்று எம்மைப் போல் சலிப்பவர்க்கும் வழியுண்டு. 'பிராம்ப்ட்-டர்ட்ரிம்' என்னும் மாறியில் 2 என்று எழுதினால், கடைசி இரண்டு அடைவுகளை மட்டும் காட்டி, முன்னவற்றைப் புள்ளிகளால் குறிக்கும். இதனை அன்றே அறிந்திருந்தால் பலகையையே கழற்றி எறிந்திருக்க மாட்டோம்.

முதலில் இவற்றைத் தூண்டுகுறியிலேயே அடித்துப் பாருங்கள். அச்சாளரத்தை மூடியதும் மறைந்துவிடுமாதலின் அச்சமின்றிச் சோதிக்கலாம். மனத்திற்கு ஒத்தபின், இல்ல அடைவில் புள்ளியில் தொடங்கும் பெயருடைய 'பாஷ்ஆர்சி' என்னும் கோப்பில் எழுதிவிட்டால் நிலைத்துவிடும். எழுதுமுன் அக்கோப்பையும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறமும் ஊட்டலாம். ஆனால் நிறத்திற்கான குறியீடுகள் திரையில் இடம் கொள்வதில்லை. அவற்றின் இருபுறமும், பின்சாய்கோட்டோடு கூடிய சதுர அடைப்புக்குறிகளை இட்டு, 'இவற்றை நீளத்தில் எண்ணாதே' என்று ஷெல்லுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறினால், நீண்ட கட்டளையை அடிக்கும்போது எழுத்துகள் முன் எழுதியவற்றின் மேலேயே ஏறி விழும். புதியவர் பலர் இடறும் இடம் இது.

இப்போது சங்கக் கணிப்பொறியில் மூல அடைவில் நின்றால் தூண்டுகுறி சிவப்பு. நகல் அடைவில் நின்றால் பச்சை. ஒவ்வொரு தூண்டுகுறிக்கும் முன் 'பிராம்ப்ட்-கமாண்ட்' என்னும் மாறியில் உள்ள கட்டளையை ஷெல் நிறைவேற்றுமாதலின், அங்கே நிற்கும் இடத்தை ஆராய்ந்து நிறத்தை மாற்றச் செய்தோம். முன் இட்ட கட்டளை வென்றதா தோற்றதா என்பதையும் அங்கேயே காட்டலாம். ஷெல் அதனை ஓர் எண்ணால் குறிக்கும். சுழியம் என்றால் வெற்றி, வேறு எண் என்றால் பிழை. ஆயின் அவ்வெண்ணை முதல் வேலையாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அடுத்த கட்டளை அதன்மேல் தன் எண்ணை எழுதிவிடும்.

தமிழில் ஒரு பலகை

'தமிழ்ச் சங்கத்தின் கணிப்பொறிக்குத் தமிழில் பலகை வேண்டாவோ?' என்று ஓர் அன்பர் கேட்டார். வேண்டும் என்றே எமக்கும் தோன்றியது. தூண்டுகுறியில் 'மூலம்', 'நகல்' என்று எழுதினோம். எழுதியபின் ஒரு சிக்கல் தோன்றியது.

முனையத்தின் திரை, சதுரங்கப் பலகை போலச் சமமான கட்டங்களால் ஆனது. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்னும் ஆங்கில வழக்கை ஒட்டி அது பிறந்தது. நம் எழுத்துகளோ அவ்வாறு அடங்குவன அல்ல. ஒருங்குறியில் 'கி' என்பது ககரமும் இகரக் குறியுமாக இரண்டு அலகுகள்; 'க்' என்பதும் ககரமும் புள்ளியுமாக இரண்டு அலகுகள். ஆனால் புள்ளிக்குக் கட்டம் இல்லை என்றும், இகரக் குறிக்குக் கட்டம் உண்டு என்றும் முனையங்கள் பல கணக்கிடுகின்றன. 'கொ' என்னும் எழுத்திலோ உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கின்றது. ஆதலால் கணக்கு ஒன்றாகவும் காட்சி வேறாகவும் ஆகி, எழுத்துகள் சிதறியோ நெருங்கியோ தோன்றும். சுட்டி இடம் மாறி நிற்கும். சில முனைய நிரல்கள் இதனை நன்கு கையாள்கின்றன, சில கையாளவில்லை.

யாம் கண்ட எளிய வழி, பலகையை இரண்டு வரியாக்குதல். மேல்வரியில் தமிழ்ப்பெயர், கீழ்வரியில் டாலர் குறி மட்டும். கட்டளை அடிக்கும் வரியில் தமிழ் இல்லாமையால் கணக்குப் பிழைத்தாலும் கை பிழைப்பதில்லை.

இத்துறையில் தமிழிலேயே கற்க விழைவோர்க்கு, 2012 சனவரி முதல் வெளிவரத் தொடங்கிய கணியம் இதழ் பெருந்துணை. கட்டற்ற மென்பொருள்கள் பற்றிய அதன் எழுத்துகளை எவரும் உரிமையோடு படித்துப் பகிரலாம். ஆங்கிலப் புலமை குறைந்த எமக்கு வாயில் திறந்தது அதுவே.

கைக்கு உதவும் சில

கட்டளையை விரைந்தும் பிழையின்றியும் இடுவதற்குச் சில கைமுறைகள் உண்டு. அவற்றையும் சொல்லிவிடுகின்றோம்.

பெயரை முழுதும் அடிக்க வேண்டா. முதற் சில எழுத்துகளை அடித்து டேப் விசையை அழுத்தினால் ஷெல்லே நிரப்பும். நிரப்பவில்லையெனில், அப்பெயரில் அங்கே ஒன்றும் இல்லை, அல்லது பல உள்ளன என்று பொருள். ஆகவே இது நேரத்தை மிச்சமாக்குவதோடு, நிற்கும் இடம் சரியா என்று காட்டவும் செய்கின்றது.

முன் இட்ட கட்டளைகளை ஷெல் நினைவில் வைத்திருக்கும். மேலம்பு விசை ஒவ்வொன்றாகக் காட்டும். கண்ட்ரோலோடு 'ஆர்' விசையை அழுத்திச் சில எழுத்துகளை அடித்தால், பழைய கட்டளையைத் தேடித் தரும். இயல்பாகப் பாஷ் 500 கட்டளைகளை நினைவில் கொள்ளும். 'ஹிஸ்ட்சைஸ்' என்னும் மாறியால் பெருக்கலாம். 'ஹிஸ்ட்டைம்ஃபார்மட்' என்னும் மாறியை அமைத்தால், ஒவ்வொரு கட்டளையும் எந்நாள் எந்நேரத்தில் இடப்பட்டது என்பதும் பதிவாகும். நிலையத்தில் வண்டி வந்த நேரமும் போன நேரமும் எழுதும் ஏடு போன்றது அது. எம் பிழையின் நேரத்தை யாம் அறிந்ததும் அவ்வேட்டினால்தான்.

வரியின் தொடக்கத்திற்குச் செல்லக் கண்ட்ரோலும் 'ஏ'யும். முடிவிற்குக் கண்ட்ரோலும் 'இ'யும். ஒரு சொல்லை அழிக்கக் கண்ட்ரோலும் 'டபிள்யூ'வும். 'சி.டி.' கட்டளையோடு ஒரு சிறுகோடு இட்டால், முன் இருந்த அடைவிற்கே மீளலாம்.

ஓடும் வேலையைக் கண்ட்ரோலும் 'இசட்'டும் அழுத்தி நிறுத்தி வைத்து, வேறொன்றை முடித்துப் பின் 'எஃப்.ஜி.' என்று அழைத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும். விரைவு வண்டிக்கு வழிவிடச் சரக்கு வண்டியைக் கிளைப்பாதையில் ஒதுக்கி நிறுத்துகின்றோமே, அதுபோல. கண்ட்ரோலும் 'எஸ்'ஸும் தவறி அழுந்திவிட்டால் திரை அசையாமல் நின்றுவிடும். பொறி செத்துவிட்டது என்று அஞ்சி மின்சாரத்தை நிறுத்துவோர் உண்டு. கண்ட்ரோலும் 'க்யூ'வும் அழுத்தினால் மீண்டும் நகரும். முன்னது நில் என்னும் கைகாட்டி; பின்னது செல் என்னும் கைகாட்டி.

இறுதியாக, நீக்குதல் பற்றி. 'ஆர்.எம்.' இடுமுன், அதே பெயர்களுக்கு 'எல்.எஸ்.' இட்டுப் பாருங்கள். திரையில் தோன்றுபவை நீக்கத்தக்கவையே என்று கண்டபின், மேலம்பை அழுத்தி முதற்சொல்லை மட்டும் மாற்றுங்கள். பெரிய 'ஐ' என்னும் தெரிவைச் சேர்த்தால், மூன்றுக்கு மேற்பட்ட கோப்புகளை நீக்குமுன் ஒருமுறை கேட்கும். அன்றியும், ஒரு கோப்பை நீக்கும் உரிமை, அது இருக்கும் அடைவில் எழுதும் உரிமையைப் பொறுத்தது. ஆகவே மூல அடைவின் எழுதும் உரிமையையே எடுத்துவிட்டோம். இனி எம் கை பிழைத்தாலும் ஷெல் மறுக்கும்.

ஒரு வேண்டுகோள்

அன்பர்களே! இப்போது 11 உரைகள் மூன்று இடங்களில் உள்ளன: சங்கத்தின் கணிப்பொறியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, வெளியூரில் உள்ள உறுப்பினர் ஒருவர் இல்லத்தில் ஒன்று. காணாமற்போன ஆறு உரைகளின் தலைப்பையும் ஆண்டையும் எழுதி இம்மண்டபத்தின் வாயிலில் ஒட்டியிருக்கின்றோம். அவ்விழாக்களில் எவரேனும் தம் கைப்பேசியிலோ சிறு நாடாப்பெட்டியிலோ பதிந்திருக்கக்கூடும். பரணில் கிடக்கும் ஒரு நாடாவில் பாதி உரையேனும் இருக்கக்கூடும். இரைச்சல் மிக்கதாயினும், ஐந்து நிமிடமே ஆயினும், கொண்டுவந்து தாருங்கள். பூஞ்சை பிடித்த நாடாவையும் வீசிவிடாதீர்கள். முதலில் எம்மிடம் காட்டுங்கள்.

அடுத்த ஆண்டு முதல் இக்கணிப்பொறியை இளைஞர் இருவர் பேண வேண்டும் என்று செயலாளர் அவர்களிடம் விண்ணப்பித்துள்ளோம். ஒருவர் கட்டளையை அடிக்க, மற்றவர் பலகையை வாய்விட்டுப் படிக்கட்டும். விரும்பும் இளைஞர்க்கு ஞாயிறுதோறும் மாலையில், எமக்குத் தெரிந்த அளவு கற்றுக்கொடுக்க அணியமாக இருக்கின்றோம். முதல் பாடம் தூண்டுகுறியாகவே இருக்கும்.

உண்மை அறிந்த பின்னும் இவ்வவையில் வந்து அமர்ந்த அம்மையார்க்கு நன்றி கூறி அமைகின்றோம்.